நைனா நிறுத்தி வைத்த படம்

“இன்னா பாப்பா, நீ புடிக்கிற வீடியோவ எவன் குந்திக்கினு பாக்கப் போறான்?”

மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அன்று கரையில் பெண்கள் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கையில் பிடித்தபடி அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாமா வலையை உதறிக்கொண்டே கேட்டார். கேலிதான். ஆனால் அதற்குள் நிஜமான சந்தேகமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிறகு பொன்னேரியில் கல்லூரி, அதற்கும் பிறகு சென்னையில் முதுகலை. இத்தனை படித்துவிட்டு இவள் இறாலைப் படம் பிடிக்கிறாளே என்பதுதான் அவர் சொல்லாமல் விட்ட மீதி.

நான் அடுத்த கூடைக்கு நகர்ந்தேன். எனக்கு நின்று பேச நேரம் இருப்பதில்லை. காலையில் படகு, பிறகு பேருந்து, பிறகு ரயில், சாயங்காலம் அதே மூன்றும் தலைகீழாக. நின்றால் எதையோ தவறவிடுவேன் என்கிற பதற்றம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதுவும் இல்லாமல், பார்ப்பதற்கு ஆள் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை நிறைய ஆள் இருந்தது.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கிளம்பியவர். இடையில் ஒன்றிரண்டு முறை வந்து போனார். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் ஆந்திரா பக்கத்து ஆட்களும் மலையாளி சமையல்காரர் ஒருவரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். அறையில் ஒரு டிவி. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது.

முதலில் அந்த டிவியால் தினமும் சண்டை. இவர்களுக்குத் தமிழ்ப் படம் வேண்டும், அவர்களுக்குத் தெலுங்குப் பாட்டு வேண்டும், சமையல்காரருக்குச் செய்தி வேண்டும். ஒருவர் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். இன்னொருவர் அதிலிருந்து பேட்டரியைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார். கடைசியில் எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்த்தார்கள். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது, வெறும் தண்ணீர் ஒருவர் தலையிலேயே விடியக் கூடாது. அதற்குப் பெயர் பாடு. அந்த முறையையே டிவிக்கும் வைத்தார்கள். சீட்டில் யார் பெயரோ அன்று ரிமோட் அவருடையது. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சமையல்காரர் முதலில் சிரித்தாராம். பிறகு அவரே சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாராம்.

“இன்னிக்கு ரிமோட்டு என் பாடு மா” என்று நைனா போனில் சொல்லும்போது குரலில் ஒரு கெத்து இருக்கும்.

மற்றவர் பாடு வரும் நாளில் அவர் எது ஓடினாலும் பார்ப்பார். இந்தி கற்றுக்கொண்டதே அப்படித்தான். சாயங்காலம் ஓடும் ஒரு இந்தி சீரியலில் மாமியார் ஒருத்தி எப்போதும் மூக்கைச் சிந்திக்கொண்டே மருமகளைக் குத்திப் பேசுவாளாம். நைனா அதே வார்த்தைகளை அதே ராகத்தில் கடைக்குக் கொண்டுபோய் வெங்காயம் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்து ஓய்ந்த பிறகு வெங்காயத்தோடு ஒரு கட்டு கொத்தமல்லியும் சும்மா கொடுத்தாராம். அரபிச் செய்தியில் வானிலைப் படம் வரும்போது மட்டும் யார் பாடு என்ற பேச்சே கிடையாது. எழுத்து தெரியாவிட்டாலும் காற்றைக் காட்டும் அம்பு தெரியும். அறை முழுவதும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நைனாவின் பாடு வரும் நாளில் பெரும்பாலும் ஓடுவது நான் எடுத்த வீடியோ. சின்னதாக இருந்தால் போனிலேயே அனுப்புவேன். நீளமானவற்றைப் பென் டிரைவில் போட்டு, விடுமுறை முடிந்து திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புவோம். அம்மா அதைக் காய்ந்த இறால் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டுவாள். அங்கே போய்ச் சேரும்போது பென் டிரைவில் இறால் வாடை ஏறியிருக்கும். அதை டிவியில் செருகுவதற்கு முன் ஒவ்வொருவராக வாங்கி மோந்து பார்ப்பார்களாம்.

அந்த வீடியோக்களில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அம்மா. சுவரில் விரிசல் இருக்கிற பக்கம் திருப்பக் கூடாது. அவள் இருமும்போது நிறுத்திவிட வேண்டும். புதிதாக வந்ததை எல்லாம் காட்ட வேண்டும்: கரையில் போட்ட சிமெண்ட் சாலை, செல்போன் கோபுரம், சித்தி வீட்டு மாடி. நைனாவும் லேசுப்பட்டவர் இல்லை. வீடியோ அழைப்பில் வந்தால் டிவி இருக்கும் சுவரை மட்டும் காட்டுவார். அவர் எந்தக் கட்டிலில் படுக்கிறார், அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் இப்படிச் சுவர் பார்த்துச் சுவர் பார்த்துப் பேசிக்கொண்டோம்.

சென்னையில் வகுப்பு எடுக்கும் மேடம் ஒருநாள் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர்களைப் பற்றிச் சொன்னார். முன்பெல்லாம் அவர்கள் தங்கள் மளிகைக் கடைகளில் ஊர் நாடகங்களின் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்து வார இறுதி முழுக்கப் பார்ப்பார்களாம். மற்ற நேரத்தில் அமெரிக்க டிவியைப் பார்த்து இங்கிலீஷ் பழகுவார்களாம். ஒரே பெட்டி வந்த ஊரையும் காட்டும், விட்டு வந்த ஊரையும் காட்டும் என்றார். உங்கள் குடும்பத்தில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டதும் நாலைந்து பேர் அமெரிக்காவில் இருக்கும் அத்தை, சித்தப்பா என்று சொன்னார்கள். நான் எழுந்து பஹ்ரைன் அறையைப் பற்றிச் சொன்னேன். ரிமோட்டுக்குச் சீட்டுப் போடுவதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. இவர்களுடைய சித்தப்பாக்களுக்குத் தோன்றாத ஒன்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழைக்குப் பிறகு வந்த அந்தக் கல்யாணம்வரை.

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நைனா ஒரு குறை சொன்னார். “ஊர்ல கீற நாய் கூட வீடியோல வருது. உன் மூஞ்சி மட்டும் வர்றதேயில்ல மா.” எனக்கு அது சுருக்கென்றது. எடுக்கிறவள் நான், நான் எப்படி வருவேன்? ஆனால் அதைச் சொல்லாமல், கல்யாணத்தில் வருகிறேன் என்றேன்.

மணப்பெண் நைனாவின் பங்காளி வீட்டுப் பெண். என்னோடு விளையாடியவள். முகூர்த்தம் முடிந்து கரையோரம் பந்தலில் காலைப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பெண்ணை இழுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய், ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, போனின் முன்பக்கக் கேமராவை முதல்முறையாகப் போட்டு எங்கள் இருவரையும் எடுத்தேன். காலை வெயில் எங்கள் முகத்தில் விழுந்தது. பின்னால் ஏரி. ஓரமாகப் பந்தியின் ஒரு வரிசை. “நைனா, நல்லா பாத்துக்க, உன் பொண்ணு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அதில் என் முகம் எனக்கே பிடித்திருந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே முகம். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன்.

அடுத்து நைனாவின் பாடு வந்த நாளில் அதை டிவியில் போட்டிருக்கிறார்கள். என் முகம் வந்த இடத்தில் நைனா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நின்றுபோன படத்தில் அறையில் இருந்த மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீரில் கம்புகள் நட்டு வலை கட்டியிருந்தது. வடக்குப் பாடு இருக்கிற இடத்தில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையிலிருந்து ஏரியைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் வடக்கு, இடது கைப் பக்கம் தெற்கு. அன்றைக்கு வடக்குப் பாடு நைனாவின் பங்காளிகள் குழுவுக்கு. வீட்டில் கல்யாணம் என்பதால் அவர்கள் வலை கட்டவில்லை. இடம் வெறுமனே கிடக்க வேண்டும். தெற்குப் பாடு மாமாவின் குழுவுக்கு; அன்று வலை கட்டியது அவர்கள் மட்டும்தான். டிவியில் வலை வலது பக்கம் இருந்தது. அதாவது, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் இடத்தில் வலையைக் கட்டியிருக்கிறார் மாமா.

நைனாவின் பங்காளி ஒருவர் அங்கிருந்து ஊருக்குக் குரல் பதிவு அனுப்பினார். அது கையிலிருந்து கைக்கு மாறி, மறுநாள் மீன் ஏலத்தில் எல்லார் போனிலும் ஒலித்தது. கடைசியில் நைனாவின் குரலும் இருந்தது. “நானும் பாத்தேன். வடக்காலதான் கீது.” அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. சொந்த மச்சானே சொல்லிவிட்டார்.

பஞ்சாயத்து கூடியது. மாமா தெற்கில்தான் கட்டினேன் என்றார். அன்று கரையில் ஊரே இருந்ததே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஊரே பந்தியில் இருந்தது. ஏரியைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் டிவியில் தெரிந்தது என்ற பேச்சு வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வர ஆரம்பித்தது. சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் தானும் ஓரக்கண்ணால் பார்த்ததாகவும், அப்போதே மனதில் உறுத்தியதாகவும் சொன்னார். விசாரித்து முடியும்வரை மாமா குழுவின் வலை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். குற்றம் உறுதியானால் இந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது.

மழை முடிந்து ஏரியில் இறால் ஓடுகிற காலம் அது. வருஷத்தில் வீடு நிமிர்வது அப்போதுதான். மாமாவின் வலை கரையில் குவியலாகக் கிடந்து காய்ந்தது. மாமா அதைப் பார்க்காமல் இருக்க வேறு வழியாக நடந்தார். நைனா இல்லாத இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் வந்ததும், அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது படகு வந்ததும் அவர் கையால்தான். அவர் எங்கள் வாசலுக்கு வருவது நின்றது.

அம்மா டிவி போடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “என் புருஷன் டிவிய பாத்துட்டு என் தம்பிய திருடன்றான். நான் யார் பக்கம் குந்தறது, நீயே சொல்லு. படிச்சவதான?”

தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து ஏரிக்கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மாமா அப்படிச் செய்கிறவர் இல்லை. நைனா பொய் சொல்கிறவர் இல்லை. நான் எடுத்த படம், நானே எடுத்தது. மூன்றும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் மூன்றையும் நான் நம்பினேன். இரண்டு வாரம் போல இப்படித்தான் அலைந்தேன். ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போனேன். அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எப்போதும் தண்ணீரைத்தான் பார்த்தேன். கம்புகளை எண்ணினேன், தூரத்தில் தெரிந்த சவுக்குத் தோப்பின் கறுப்புக் கோட்டை, அது எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாரும் பார்த்த இடத்தையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மீஞ்சூர் தாண்டும்போது ரயிலில் எதிரே நின்ற பெண்ணின் முந்தானை காற்றில் பறந்து என் கையில் பட்டது. அவள் அதை இழுத்து இடது தோளில் போட்டுக்கொண்டாள். நான் கையில் இருந்த போனைப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் முந்தானை வலது தோளில் இருந்தது. என்னுடையதும் வலது தோளில். எங்கள் ஊரில் யார் அப்படிக் கட்டுவார்கள்? ஓரத்தில் தெரிந்த பந்தி வரிசையைப் பெரிதாக்கினேன். வரிசையாக உட்கார்ந்து ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அடுத்த நிலையத்தில் இறங்கி, ஊருக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஓடினேன். அன்று கல்லூரியில் எனக்குத் தேர்வு ஒன்று இருந்தது. அதைப் பிறகு எழுதிக்கொண்டேன்.

அந்தப் போனின் முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி. இடதை வலதாக மாற்றி அப்படியே சேமித்துவிடும். அதனால்தான் என் முகம் எனக்குப் பழகிய முகமாக இருந்தது. அதனால்தான் தெற்கில் இருந்த வலை வடக்குக்குப் போயிருந்தது.

சாயங்காலம் கோயில் முன்னால் மணலில் பஞ்சாயத்து உட்கார்ந்திருந்தது. பெண்கள் அங்கே நடுவில் போவதில்லை; ஓரத்தில் சமுதாயக் கூடத்துச் சுவரை ஒட்டி நிற்பார்கள். நான் மாமாவிடம் சொல்லி அவர் வாயால் சொல்ல வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். முடியாது என்றேன். நான் கண்டுபிடித்ததை நான்தான் சொல்வேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்று சொன்னேன்.

தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. பொறுமையாகத்தான் கேட்டார். “படம் பொய் சொல்லுமா பாப்பா? நீயே எடுத்ததுதான?”

“பொய் சொல்லல பெரியப்பா. திரும்பி நிக்குது. கண்ணாடில தெரியற மாதிரி.”

“கண்ணாடில மூஞ்சி திரும்பும். ஏரி எப்படித் திரும்பும்?”

ஆண்கள் சிரித்தார்கள். மாமாவும் தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் கெடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

“நீங்க எந்தக் கையால சாப்பிடுவீங்க பெரியப்பா?”

“இன்னா கேள்வி இது?”

சமுதாயக் கூடத்து டிவியை வாசலுக்கு இழுத்து வரச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் அம்மாவும் இழுத்தோம். பென் டிரைவைச் செருகி, பந்தி தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். வரிசையின் முதல் இலையில் தலைவர். இலையில் பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்து ஆனந்தமாக வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

சுவர் ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “ஐய, தலைவரு பீச்சாங்கைல இல்ல துன்னுறாரு.”

அதன் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன பேசினார்கள் என்றே கேட்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து டிவியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். அதோ முந்தானை, இதோ மாப்பிள்ளையின் சித்தப்பா, அவரும் இடது கை. தலைவர் டிவியைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார், அதை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். நான் படத்தைத் திருப்பி வைத்த இன்னொரு நகலைப் போட்டேன். தலைவர் வலது கையால் சாப்பிட்டார். வலை தெற்கில் நின்றது, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில், அது எப்போதும் இருக்கிற இடத்தில்.

சாம்பார் வாளிக்காரர் எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

மாமா குழு மறுநாளே வலை கட்டலாம் என்று முடிவானது. இடையில் போன பாடு போனதுதான். அதைத் திருப்பித் தர வழியில்லை. மாமா வலைக் குவியலைப் பிரித்து, சிக்கலை எடுக்க ஆரம்பித்தார். இருட்டும்வரை எடுத்தார்.

திருப்பிய படத்தை பஹ்ரைனுக்கும் அனுப்பினேன். நைனாவிடமிருந்து சில நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு மதியம் அழைத்தார். அன்று அவர் முகத்தில் சவரம் இல்லை. சவுக்குத் தோப்பைப் பார்த்தபோதே உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். தோப்பு எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வாரே.

“பாத்தேன் மா. தோப்பு இந்தப் பக்கமாச்சேனு நெனச்சேன். அப்பால, புயல்ல போயிருக்கும், புதுசா அந்தப் பக்கம் வெச்சிருப்பாங்கனு நானே சொல்லிக்கினேன். நீங்க அனுப்புறது எல்லாமே புதுசாத்தான கீது. புது ரோடு, புது டவரு. தோப்பு மட்டும் அங்கியே இருக்கும்னு நான் எப்படி நெனைக்கிறது?”

இதையே வகுப்பில் மேடம் கேட்டிருந்தால் நன்றாக எழுதியிருப்பேன். நைனாவுக்கு என்ன சொல்வது? அம்மா சொன்னபடி விரிசலை மறைத்துப் புதிதை மட்டும் காட்டிக்கொண்டே வந்தோம். அவர் அந்த அறையில் உட்கார்ந்து, தன் ஊரில் எதுவும் இடம் மாறியிருக்கலாம் என்று நம்பப் பழகிக்கொண்டார். மரம் மாறலாம். மச்சானும் மாறலாம்.

மாமாவிடம் நைனாவைப் பேச வைக்கப் போனை நீட்டினேன். வாங்கவில்லை.

“மச்சான் ஊரு பூரா கேக்க திருடன்னாரு. இப்போ என் காதுல மட்டும் வந்து இல்லன்னா?” வலையிலிருந்து ஒரு நண்டைப் பிய்த்து எறிந்தார். “டிவிய பாத்துதான சொன்னாரு. டிவிலியே வந்து இல்லனு சொல்லட்டும்.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறைக்குப் பாடு போடும் நாள் வரப்போகிறது. ஊர் ஆண்கள் எல்லாரும் ஓர் இடத்தில் உட்காரும் நாள் அதுதான். சமுதாயக் கூடத்து டிவியில் நைனாவின் முகம் தெரியட்டும். நம் சீட்டு எடுப்பது அவர்கள் அறை டிவியில் தெரியட்டும். வெளியூரில் இருக்கிறவர்களும் தங்கள் சீட்டைத் தாங்களே பார்க்கலாம். இனிமேல் நின்றுபோன படத்தை வைத்து யாரும் சண்டை போட வேண்டாம். தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். பாடு போடுகிற இடத்துக்குப் பெண்கள் வந்து பழக்கமில்லையே என்றார். பாப்போம் என்றார். எங்கள் ஊரில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

நான் அதற்குள் நைனாவிடம் பேசிவிட்டேன். அன்று ரிமோட் சமையல்காரருடைய பாடு. நைனா தன்னுடைய இரண்டு நாளைக் கொடுத்து அந்த ஒரு நாளை வாங்கிக்கொண்டார். சவரம் செய்துகொள்ளவா என்று கேட்டார். செய்துகொள் என்றேன்.

பாடு போடும் நாள் இன்று. ஆண்கள் இன்னும் வரவில்லை. வழக்கமாக அவர்கள் வட்டமாக உட்காரும் மணலின் நடுவில் ஒரு வலைக் கம்பை நட்டு, அதன் தலையில் போனைக் கட்டியிருக்கிறேன். பின்பக்கக் கேமரா. டிவியை நானும் அம்மாவும் வாசலுக்கு இழுத்து வைத்தோம். அம்மா ஒயரை மிதித்துவிடாமல் மணலில் புதைத்தாள். இந்த முறை அவள் எதை மறைக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது நன்றாகத் தெரியும்.

தூரத்தில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. முன்னால் வருகிறவர் தலைவர். அவருக்குப் பின்னால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மாமா. அவர் கம்பைப் பார்த்துவிட்டார். நடை கொஞ்சம் தயங்குகிறது. நான் ஓரத்துக்குப் போகவில்லை. கம்புக்குப் பக்கத்திலேயே நின்று அழைப்பை அழுத்திவிட்டேன். அங்கே, பஹ்ரைன் அறையில், மணி அடிக்கிறது.